குறச்சு காற்று வேணம்

உங்கள் கலா அத்தையை, அதாவது என் தங்கையை, பிரசவத்துக்கு அழைத்து வர நான் கொச்சிக்குக் கிளம்பியபோது, உங்களைக் கூட்டிப் போகவில்லை என்று நிலா ஒரு வேளை சாப்பிடவில்லை. கதிர் சாப்பிட்டுவிட்டுக் கோபித்துக்கொண்டான். பரீட்சை நேரத்தில் நான் என்ன செய்ய முடியும்? அங்கே பார்த்தது, தின்றது, முழித்தது எல்லாவற்றையும் எழுதித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போனேன். இதோ எழுதிவிட்டேன். பத்தாம் வகுப்போடு நின்று மாவு மில் வைத்தவன் எழுத்து, அங்கங்கே தவிடு கிடக்கும். நீங்களே சலித்துக்கொள்ளுங்கள்.

எந்த வழியாகப் போனேன், எங்கே டீ குடித்தேன் என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். மட்டாஞ்சேரிக்குள் நுழைந்ததிலிருந்து தொடங்கினால் போதும். அங்கேதான் அந்த விளக்கு எரிந்தது.

மட்டாஞ்சேரியில் தெருவுக்கு முன்பே வாசனை வந்துவிடுகிறது. சுக்கு, மிளகு, காய்ந்த மிளகாய் என்று மூட்டை மூட்டையாக அடுக்கிய குடோன்கள். நம் மில்லில் மல்லி அரைக்கும் நாளில் நீங்கள் தும்முவீர்களே, அதே மாதிரி ஊர் முழுக்கத் தும்மலாம். தெருவோ நம் வீட்டு நடையை விடக் கொஞ்சம்தான் அகலம். அதில் ஒரு லாரி, இரண்டு ஆட்டோ, நடுவில் ஆடுகள். மட்டாஞ்சேரி ஆடு ஹாரனுக்கு எழுந்திருக்காது. நாம் இறங்கிப் போய்ப் பேசினால் யோசிக்கும்.

அப்படி ஒரு ஆட்டோடு பேசிவிட்டு வந்து உட்கார்ந்தபோதுதான் பார்த்தேன். ஸ்டியரிங்குக்குப் பின்னால், வேகம் காட்டும் முள்ளுக்குப் பக்கத்தில், மஞ்சளாக ஒன்று எரிந்துகொண்டிருந்தது. அடிப்பக்கம் பல் பல்லாக ஒரு சட்டி, சட்டிக்குள் ஒரு உணர்ச்சிக்குறி. தமிழ்ப் பாடத்தில் ஐயோ, ஆகா என்று வந்தால் பின்னால் போடுவோமே, அதுதான். இது ஐயோவா, ஆகாவா என்று எனக்குத் தெரியவில்லை.

வண்டி நம்முடையது இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் பெரியப்பா, அதாவது என் சகலை, புதிதாக வாங்கியது. நான் ஓட்டிப் பழகிய பழைய வேனில் விளக்கெல்லாம் எரியாது. டயரில் காற்று போனால் நம் இடுப்பு சொல்லும்.

கலாவின் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுச் சகலைக்குப் போன் போட்டேன். சட்டியையும் உணர்ச்சிக்குறியையும் விவரித்தேன்.

"அது சட்டி இல்லய்யா. டயரைக் குறுக்க வெட்டுனா அப்பிடித்தான் இருக்கும். பிரஷர் சரியில்லன்னா எரியும்," என்றார்.

"பிரஷர் சரியில்லையா? கூடிருச்சா, கொறைஞ்சிருச்சா?" என்று நான் வாசலில் நின்று சத்தமாகக் கேட்டேன்.

"அத நீ டயர்க்கடையில கேளு. எனக்கு இதுவரைக்கும் எரிஞ்சதில்ல."

போனை வைத்துத் திரும்பினால், பாக்கியத்தம்மாள் கையில் தம்ளரோடு நிற்கிறார். இவர் கலாவின் மாமியார். பிறந்தது, வளர்ந்தது எல்லாம் மட்டாஞ்சேரி. வீட்டில் பேசுவது தமிழ்தான், ஆனால் ஒரு வாக்கியம் தமிழில் கிளம்பி மலையாளத்தில் போய் இறங்கும். கணவர் இல்லை. மகன் முருகேசனும் மருமகள் கலாவும்தான் உலகம்.

"இந்தா தம்பி, நாரங்கா வெள்ளம். குடி. பிரஷர் கூடுதலா, குறவா?"

"அதுதான்மா தெரியல."

"அதான் உப்பு பாதி போட்டிருக்கு. ரெண்டுக்கும் ஆகும்."

அந்த அரை உப்பு எலுமிச்சைச் சாறு முழுவதையும் குடித்து முடித்த பிறகுதான், பிரஷர் எனக்கு இல்லை, வண்டிக்கு என்று சொல்ல முடிந்தது. அவர் சிரிக்கவில்லை. வாசலுக்கு வந்து கண்ணாடி வழியாக அந்த மஞ்சள் விளக்கை உற்றுப் பார்த்தார்.

"இந்த வண்டியிலயா என் மருமக மலை இறங்கப் போறா?"

பிள்ளைகளா, இந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை முழுக்க. கலாவை நம் வீட்டுக்கு அனுப்புவதில் பாக்கியத்தம்மாளுக்கு முன்பே அரை மனசுதான். "அங்க பெத்தவளும் இல்ல. இங்க ஆஸ்பத்திரி நடந்து போற தூரம்," என்று போனில் பல தடவை சொல்லியிருந்தார். அப்பத்தா இல்லாத வீடு என்பது உண்மைதான். ஆனால் கலாவுக்குப் பிறந்த வீடு என்று இருப்பது நம் வீடு ஒன்றுதான். முதல் பிரசவத்துக்கு அங்கே போய் மதினி கையால் சாப்பிட வேண்டும் என்று அவள் மாதக் கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தாள். உங்கள் அம்மாவும் கட்டிலை இடம் மாற்றிப் போட்டு, தொட்டில் கட்ட விட்டத்தில் கொக்கி மாட்டி வைத்திருந்தாள்.

நான் வீட்டுக்குள் போனபோது கதவுக்குப் பின்னால் கலாவின் பை தயாராக இருந்தது. எப்போது கட்டினாய் என்று கேட்டதற்கு, "வளைகாப்பு அன்னைக்கு," என்றாள்.

பாக்கியத்தம்மாள் தீர்ப்பைச் சொல்லிவிட்டார். "அந்த வெளக்கு அணையட்டும், அப்புறம் போகலாம். அணையலன்னா பிரசவம் இங்கதான், கேட்டோ."

கேட்டோ என்றால் கேட்டுக்கொண்டாயா என்று அர்த்தம். கேட்டுக்கொண்டேன்.

அன்று ராத்திரி சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கதிர் மறுபடி கோபித்துக்கொள்வான். கப்பை என்கிற மரவள்ளிக் கிழங்கை வேகவைத்து மசித்து, பக்கத்தில் சிவப்பாக மீன் குழம்பு. புளிக்குப் பதில் கருப்பாக ஒரு துண்டு மிதந்தது. மீன் என்று நினைத்துக் கடித்தேன். அது குடம்புளி. ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. குடிக்கக் கொடுத்த தண்ணீர் ரோஜா நிறத்தில் வெதுவெதுப்பாக இருந்தது. பாத்திரத்தில் சாயம் போய்விட்டது போல என்று மரியாதைக்குப் பேசாமல் இருந்தேன். பதிமுகம் என்ற மரச் சீவலைப் போட்டுக் காய்ச்சுகிறார்களாம். நம் ஊரில் தண்ணீருக்கு நிறம் வந்தால் பஞ்சாயத்துக்கு மனு கொடுப்போம்.

மறுநாள் காலையில் முருகேசன் குடோன் வேலைக்குப் போய்விட்டார். போகும்போது, "கடலோரம் போற ரோட்ல ஒரு இக்கா டயர்க்கடை வச்சிருக்காரு மச்சான், நல்ல மனுஷன்," என்று வழி சொன்னார். அங்கே வயதில் மூத்த முஸ்லிம் ஆளை இக்கா என்று கூப்பிடுவார்கள், நாம் அண்ணே என்பது போல.

இக்கா, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய பழைய டயர்களின் மேல் ராஜா மாதிரி உட்கார்ந்து சுலைமானி குடித்துக்கொண்டிருந்தார். பால் இல்லாமல் எலுமிச்சை பிழிந்த டீ அது. எனக்கும் ஒன்று வரவழைத்தார். கரண்ட் இல்லை, காற்றடிக்கும் எந்திரம் ஓடவில்லை, அதனால் அவருக்கும் அவசரம் இல்லை. பேனா மாதிரி ஒரு மானியை எடுத்து ஒவ்வொரு டயரிலும் வைத்துப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்து மலையாளத்தில் சொன்னார்.

"நாலிலும் குறச்சு காற்று வேணம். பின்னிலெ இடத்தேதில் குறச்சு கூடுதல். கரண்டு வந்நிட்டு வா."

மலையாளம் நமக்குப் பாதி தெரிந்த மொழிதானே என்று எனக்கு ஒரு தைரியம். நான் புரிந்துகொண்டது இது. நாலு டயரிலும் காற்றைக் குறைக்க வேண்டும். பின்னால் இடது டயரில் இன்னும் கூடுதலாகக் குறைக்க வேண்டும். கரண்ட் வந்த பிறகு வா.

வண்டியில் உட்கார்ந்து யோசித்தேன். சகலை புது வண்டி மயக்கத்தில் காற்றை அமுக்கி அடைத்திருப்பார். வெயில் வேறு. சரிதான். ஆனால் காற்றைக் குறைக்கக் கரண்ட் எதற்கு? அடைக்கத்தான் எந்திரம் வேண்டும், திறந்துவிட ஒரு ஆணி போதாதா? வெளியூர்க்காரன் என்று இக்கா என்னை இரண்டு தடவை அலைய வைக்கப் பார்க்கிறார் என்று முடிவு கட்டினேன். நல்ல மனிதரைத் தப்பாக நினைத்தேன், என்ன செய்வது, அந்த நேரத்துக்கு அது புத்திசாலித்தனமாகத் தெரிந்தது.

ஒரு மரத்தடியில் நிறுத்தினேன். ஒவ்வொரு டயராக மூடியைக் கழற்றி, நடுவில் இருக்கும் ஊசியை ஆணியால் அமுக்கி, உஸ் என்று காற்றை விட்டேன். பின்னால் இடது டயருக்கு மட்டும் சொன்னபடியே கூடுதலாக விட்டேன். ஒரு ஆடு வந்து நின்று பார்த்தது. அதற்காவது விவரம் தெரிந்திருக்கும் போல, தலையை ஆட்டிவிட்டுப் போனது.

விளக்கு அணையவில்லை.

மறுபடியும் சகலைக்குப் போன். அவர் வண்டியோடு வந்த கையேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு படித்தார். ஸ்டியரிங்குக்குக் கீழே இடது பக்கம் ஒரு பொத்தான், அதில் இதே சட்டிப் படம், வண்டி நின்றிருக்கும்போது அதை விளக்கு மினுக்கும் வரை விடாமல் அமுக்க வேண்டும். அமுக்கினேன். மினுக்கியது. அணைந்தது.

எனக்கு வந்த சந்தோஷத்தில் தெருமுனைக் கடையில் பழம்பொரி எல்லாம் வாங்கிவிட்டேன். நேந்திரம் பழத்தை மாவில் தோய்த்து எண்ணெயில் போட்டு எடுப்பது. நம் வாழைக்காய் பஜ்ஜிக்கு இனிப்பான சித்தப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் பாக்கியத்தம்மாளைக் கூப்பிட்டு வண்டியைக் காட்டினேன்.

"வெளக்கு எங்க?" என்றார்.

"அணைஞ்சிருச்சும்மா."

"நெசமா?"

"நீங்களே பாருங்க."

அவர் பார்த்தார். பெருமூச்சு விட்டார். "சரி தம்பி. நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரியில ஒரு தடவை காட்டிட்டு, நாளன்னிக்குக் கொண்டுபோ," என்றார். உள்ளே கதவுக்குப் பின்னால் பை கொஞ்சம் நகர்ந்த சத்தம் கேட்டது.

சாயங்காலம் கும்பளங்கியில் இருக்கும் முருகேசனின் சித்தி வீட்டுக்குப் போனோம், பிரசவத்துக்குப் போகிற பெண்ணை அவர் பார்க்க வேண்டும் என்றார். ரோட்டின் இரண்டு பக்கமும் தண்ணீர், தண்ணீருக்கு மேல் பெரிய வலைகள் கொக்கு மாதிரி கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றன. கயிற்றை இழுத்தால் வலை முழுதாக எழுந்து வருகிறது. ஒரு வலை எழுந்ததை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். இரண்டு மீனும் ஒரு செருப்பும் இருந்தன. ஆனால் போகும்போதும் வரும்போதும் ஸ்டியரிங் எருமை மாதிரி திரும்பியது. பின்பக்கம் தூங்கி வழிந்துகொண்டு வந்தது. "வண்டி என்ன மச்சான், நேத்து வந்ததவிட சோம்பலா இருக்கு?" என்றார் முருகேசன். கப்பை சாப்பிட்டது நானா வண்டியா என்று கேட்டுச் சிரித்துக்கொண்டேன். விளக்குதான் எரியவில்லையே.

மூன்றாம் நாள் காலை. கலா, முருகேசன், நான் மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பாக்கியத்தம்மாள் வழிக்குக் கட்டிக்கொடுக்க முறுக்கு சுடுகிறேன் என்று வீட்டில் இருந்துவிட்டார். கலாவை உட்காரவைத்து, கையில் பட்டையைச் சுற்றி, நர்ஸ் அம்மா காற்றை அடித்துப் பார்த்தார். ரொம்பக் கண்டிப்பான முகம். பார்த்துவிட்டுச் சொன்னார்.

"பிரஷர் குறச்சு கூடுதலாணு. பேடிக்கண்ட."

நான் நிம்மதியாக, "குறைஞ்சிருக்கா, நல்லது சிஸ்டர்," என்றேன்.

கலா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அண்ணே, கொஞ்சம் கூடுதலா இருக்குன்னு சொல்றாங்க. பயப்பட வேணாமாம்."

"குறைச்சுன்னு சொன்னாங்களே?"

"குறைச்சு இல்லண்ணே, குறச்சு. குறச்சுன்னா கொஞ்சம். குறச்சு கூடுதல்னா, கொஞ்சம் கூட. இவ்வளவு நாளா எங்க வீட்டுக்கு வந்து போற, இது தெரியாதா?"

பிள்ளைகளா, அந்த இடத்தில் என் காதில் ஆஸ்பத்திரி சத்தம் எதுவும் விழவில்லை. டயர் சிம்மாசனத்திலிருந்து இக்காவின் குரல்தான் கேட்டது. நாலிலும் குறச்சு காற்று வேணம். கொஞ்சம் காற்று வேண்டுமாம். பின்னிலெ இடத்தேதில் குறச்சு கூடுதல். பின்னால் இடது டயருக்குக் கொஞ்சம் கூடுதலாக வேண்டுமாம். அதற்குத்தான் கரண்ட் வர வேண்டுமாம். நான் நான்கு டயரிலும் இருந்ததையும் பிடுங்கிவிட்டு, எதற்கு அதிகம் தேவையோ அதிலிருந்து அதிகம் பிடுங்கியிருக்கிறேன். பிறகு பொத்தானை அமுக்கி, இதுதான் சரி என்று வண்டிக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அந்த டயர்களின் மேல் கலாவை உட்காரவைத்துக் கும்பளங்கி வரை போய் வந்திருக்கிறேன்.

எனக்கு வேர்த்துக் கொட்டியது. நர்ஸ் அம்மா என்னைப் பார்த்துவிட்டு, அந்தப் பட்டையைக் கழற்றி என் கையில் சுற்றினார்.

"பிரசவம் நிங்ஙள்க்காணோ?" என்றார். பிரசவம் உங்களுக்கா என்று கேட்கிறார். பட்டை தளர்ந்ததும் கலாவிடம், "அண்ணனுக்குக் குறச்சு இல்ல, நல்லா கூடுதல்," என்று தமிழிலேயே சொன்னார். வரிசையில் உட்கார்ந்திருந்த கர்ப்பிணிகள் எல்லாம் சிரித்தார்கள்.

கலாவைச் சற்று நேரம் படுக்கச் சொல்லிவிட்டு மறுபடி பார்த்தார்கள். சரியாகிவிட்டது. டாக்டர் அம்மாவும் பார்த்தார். இடையிடையே நிறுத்தி, இறங்கி நடந்து, நிதானமாகப் போனால் போகலாம் என்றார். எனக்குத்தான் வெளியே வர பயமாக இருந்தது. வந்து பார்த்தால், பின்னால் இடது டயர் மாவு பிசைந்து வைத்த உருண்டை மாதிரி தரையில் அமுங்கிக் கிடந்தது.

முருகேசனிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் மீசையைத் தடவினார். கலாவை ஆட்டோவில் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நாங்கள் இரண்டு பேரும் ஜாக்கி போட்டு ஸ்டெப்னியை மாட்டினோம். நல்லவேளை, ஸ்டெப்னி டிக்கிக்குள் இருந்ததால் என் ஆணிக்குத் தப்பியிருந்தது. ஊர்ந்துகொண்டே இக்கா கடைக்குப் போனோம்.

இக்கா மானியை வைத்துப் பார்த்தார். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, மறுபடி முதல் ஒன்று.

"காற்று ஒக்கெ எவிடெப் போயி? தமிழ்நாட்டில காற்று இல்லேன்னு கொண்டு போயோ?" காற்றெல்லாம் எங்கே போனது என்று கேட்கிறார்.

முருகேசன் விளக்கினார். இக்கா முதலில் புரியாமல் பார்த்தார். பிறகு அந்த டயர் சிம்மாசனமே ஆடும்படி சிரித்தார். பக்கத்துக் கறிக்கடைக்காரரைக் கூப்பிட்டுச் சொன்னார், அவர் எதிர்க்கடைக்காரருக்குச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் அந்தத் தெருவில் என்னைத் தெரியாத ஆடு கூட இல்லை.

சிரித்து முடித்து இக்கா என் தோளில் கை போட்டார். அவர் அரைத் தமிழில் சொன்னதை உங்களுக்காக முழுத் தமிழில் எழுதுகிறேன். இளவயதில் பொள்ளாச்சிக்கு லோடு ஏற்றிப் போனாராம். மறுநாள் ஊரில் தங்கைக்கு நிக்காஹ். அங்கே ஒரு சலூனில் உட்கார்ந்து, குறச்சு வெட்டினால் போதும், என்று சொன்னாராம். கொஞ்சம் வெட்டு என்று அர்த்தம். சலூன்காரர் நம் ஆள், நன்றாகக் குறைத்துவிட்டார். "நிக்காஹ் போட்டோல எல்லாம் நான் தொப்பியோடதான். உனக்குக் காற்று போயி, எனக்கு முடி போயி. சாரமில்ல."

சாரமில்ல என்றால் பரவாயில்லை.

பின்னால் இடது டயரைத் தொட்டித் தண்ணீரில் முக்கியதும் ஒரு இடத்தில் முத்து முத்தாகக் குமிழி வந்தது. சின்ன ஆணி ஒன்று குத்தியிருந்தது. அதனால்தான் முதலில் விளக்கு எரிந்திருக்கிறது. அதாவது விளக்கு உண்மையைத்தான் சொன்னது. நான்தான் அதன் வாயைப் பொத்தினேன்.

நீங்கள் வளர்ந்து வண்டி ஓட்டும்போது உதவும் என்று, இக்கா காட்டியதையும் சகலை கையேட்டில் படித்ததையும் இங்கே எழுதி வைக்கிறேன். அந்த மஞ்சள் சட்டி எரிந்தால் ஏதோ ஒரு டயரில் காற்று குறைந்திருக்கிறது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். பதறி பிரேக்கை மிதிக்கக் கூடாது, வேகத்தை மெல்லக் குறைத்து ஓரமான இடத்தில் நிறுத்தி, இறங்கி நான்கையும் கண்ணால் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் அமுங்கியிருந்தால் அதன் மேல் ஓட்டவே கூடாது. எவ்வளவு காற்று வேண்டும் என்று நாமாக ஊகிக்க வேண்டியதில்லை. டிரைவர் கதவைத் திறந்தால் கதவுக் கட்டையில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. குறைந்த ஆளுக்கு ஒரு எண், வண்டி நிறைய ஆளும் சாமானும் ஏறினால் ஒரு எண். வண்டி ஓடிச் சூடாகும் முன்பு, காலையில் அளப்பது நல்லது. சூட்டில் காற்று விரிந்து கூடுதலாகக் காட்டும். எல்லாம் சரியான பிறகு கடைசியாகத்தான் அந்தப் பொத்தான். இந்த வண்டியில் அந்தப் பொத்தான் காற்றை அளப்பதில்லை, இப்போது இருப்பதுதான் சரியான காற்று, நினைவில் வைத்துக்கொள், என்று வண்டிக்குச் சொல்கிறது. தப்பைச் சொல்லிக்கொடுத்தால் தப்பையே நினைவில் வைத்துக்கொள்ளும். பிள்ளைகளை வளர்ப்பது போலத்தான்.

அன்று கரண்ட் இருந்தது. இக்கா பஞ்சர் ஒட்டி, ஸ்டிக்கரில் நிறைய ஆளுக்கு எவ்வளவோ அவ்வளவு அடித்தார். பொத்தானை என் கையாலேயே அமுக்கச் சொன்னார். விளக்கு மினுக்கி அணைந்தது. முந்தின நாளும் இப்படித்தான் அணைந்தது. பார்க்க இரண்டும் ஒன்று போலத்தான் இருந்தன.

வீடு திரும்பும் வழியில் முருகேசன் சொன்னார். "மச்சான், அம்மாட்ட ஒண்ணும் பறையண்டா. தெரிஞ்சா விட மாட்டாங்க. வெளக்கு நேத்தே அணைஞ்சதுதானே."

அவர் சொன்னது நியாயம்தான். கலாவின் பை என் கண் முன்னால் வந்தது. சொன்னால் அந்தப் பையில் இருப்பதெல்லாம் மறுபடி பீரோவுக்குள் போகும். ஆனால் நேற்று, நீங்களே பாருங்கள் என்று அந்த அம்மாவிடம் ஒரு பொய் விளக்கைக் காட்டியவன் நான். தெரியாமல் காட்டினேன், சரி. இன்று தெரிந்துகொண்டே எப்படிக் காட்டுவது? பொய் சொன்னால் உங்களைச் சுவர் பார்த்து நிற்க வைக்கிறேனே, என்னை எந்தச் சுவர் பார்த்து நிற்க வைப்பது?

பாக்கியத்தம்மாள் முறுக்கைச் சம்படத்தில் அடுக்கிக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஆணி, ஆடு, பொத்தான், கும்பளங்கி, நர்ஸ் அம்மா. கதவருகில் கலா பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் அடுக்குவதை நிறுத்தவில்லை. கடைசி முறுக்கை வைத்து மூடிய பிறகுதான் பேசினார்.

"அப்ப நேத்து வெளக்கு அணைஞ்சது?"

"நான் அணைச்சதும்மா. சரியாகி அணையல."

"இன்னிக்கு?"

"இன்னிக்குச் சரியாகி அணைஞ்சது."

"அத நான் எப்படி நம்ப?"

வாங்க என்று வண்டிக்குக் கூட்டிப்போய் டிரைவர் சீட்டில் உட்காரவைத்தேன். கதவுக் கட்டை ஸ்டிக்கரைக் காட்டினேன். இக்காவிடம் விலைக்கு வாங்கி வந்த மானியை அவர் கையில் கொடுத்தேன். அவரே ஒவ்வொரு டயராக வைத்துப் பார்த்து எண்ணைச் சத்தமாகப் படித்தார். மறுபடி ஏறி உட்கார்ந்ததும் சாவியைத் திருப்பினேன். எல்லா விளக்கும் ஒரு தடவை எரிந்து, மஞ்சள் சட்டியும் எரிந்து, அணைந்தது.

"எரியுதே?"

"கண்ணு இருக்குன்னு காட்டுதும்மா. திருப்புனதும் ஒரு தடவை எரியணும். எரியலன்னாதான் தப்பு."

ஸ்டியரிங்கைப் பிடித்தபடி என் பக்கம் திரும்பினார். "இதச் சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது, இல்ல?" என்றார்.

"தெரிஞ்சிருக்காதும்மா."

"முருகேசன் சொல்லண்டான்னு பறஞ்சிருப்பானே."

முருகேசன் அவசரமாக ஆடு விரட்டப் போய்விட்டார்.

"கொண்டுபோ," என்றார் பாக்கியத்தம்மாள். "ஆனா நானும் வருவேன். முன் சீட்டு எனக்கு. வெளக்க நான் பாத்துக்கறேன், நீ ரோட்டப் பாரு."

கலா அப்போதுதான் பையைக் கீழே வைத்தாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது, பாக்கியத்தம்மாள் ஒரு முறுக்கை எடுத்து அவள் வாயில் கொடுத்து அதை அடைத்தார்.

நான்காம் நாள் கிளம்பினோம். ஆள் கணக்கை அவரே போட்டார்: நான், அவர், முருகேசன், கலா, "அப்புறம் ஒரு குறச்சு." மலை வரைக்கும் கண்ணை எடுக்காமல் அந்த விளக்கு இருக்கும் இடத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். பக்கத்தில் அருவி வந்தது, தேயிலைத் தோட்டம் வந்தது, ஒன்றையும் பார்க்கவில்லை. இறக்கத்தில் ஒரு வளைவில் டிங் டிங் என்று சத்தத்தோடு சிவப்பாக ஒன்று எரிந்தது.

"நிறுத்து," என்று என் கையைப் பிடித்தார்.

ஓரமாக நிறுத்திப் பார்த்தேன். பின்னால் முறுக்குச் சம்படத்தை எட்டி எடுக்க அவரே பெல்ட்டைக் கழற்றியிருந்தார். மாட்டியதும் அணைந்தது. "இது நல்ல வண்டி, எல்லாத்தையும் சொல்லுது," என்று சர்டிபிகேட் கொடுத்தார். அதன் பிறகு அருவி பார்த்தார்.

வீட்டுக்கு வந்த பிறகு நடந்ததை நீங்களும் பார்த்தீர்கள், ஆனால் நீங்கள் ஏன் சிரிக்கவில்லை என்றால் உங்களுக்கு இந்தக் கதை தெரியாது. நான் வெளியே டயர்களை ஒரு தடவை தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே பந்தி. உங்கள் அம்மா பாக்கியத்தம்மாளுக்குச் சோறு வைக்க, அவர் இலையைக் காட்டிச் சொன்னார்.

"குறச்சு கூடுதல்."

உங்கள் அம்மா, ஐயையோ, அதிகமாக வைத்துவிட்டேன் போல என்று, கரண்டியால் இலையிலிருந்து சோற்றை எடுக்கப் போனாள். பாவம், அவ்வளவு தூரம் பசியோடு வந்த அந்த அம்மா, தன் சோறு போவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

நான் வாசலிலிருந்தே கத்தினேன். "எடுக்காத, போடு. இன்னும் கொஞ்சம் வேணுமாம்."

கலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பாக்கியத்தம்மாளும் சிரித்தார். உங்கள் அம்மா ஒன்றும் புரியாமல் இரண்டு கரண்டி போட்டாள்.